கரையாத கூடு

கேத்கி செய்த மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன், சோதித்துப் பார்த்தவளே நான்தான். குறையில்லாத அந்த மாத்திரையைப் போட்டுத்தான் அவள் கணவனின் அண்ணன் ரசிக்பாய் செத்துப்போனார். அவருடைய சாவுக்கு எங்கள் கம்பெனியில் ஒருவரும் பொறுப்பில்லை என்று எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அகமதாபாத்துக்கு வெளியே சாங்கோதரில் எங்கள் கம்பெனி. நான் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். என் அப்பா இந்த ஊருக்கு மில் வேலைக்கு வந்தவர். நான் மணிநகரில் பிறந்து, வெல்லம் போட்ட பருப்பைச் சாப்பிட்டு வளர்ந்து, இந்த ஊர்க்காரர்களைவிட நன்றாக இந்த ஊர்ப் பாஷையில் திட்டுவேன். ஆனாலும் நான் ‘மதராசி தேவகிபென்’தான். கேத்கி மாத்திரை உருவாக்கும் பிரிவில் இருந்தாள். அவள் செய்து அனுப்புவாள், நான் கரைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் வளர்ந்தது.

அது நெஞ்சுத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்குகிற மருந்து. மொத்தமாக உடம்பில் இறங்கினால் ஆளைக் கவிழ்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க இறங்கினால் காப்பாற்றும். ஆகவே மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிற ஒரு பொருள் வேண்டும். கேத்கி முதலில் கொத்தவரை விதைப் பசையை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் பட்டதும் அது உப்பி மருந்தைச் சுற்றிக்கொண்டது, ஆனால் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. பிறகு கட்ச் பக்கத்துக் களிமண்ணைச் சுத்தம் செய்து போட்டுப் பார்த்தாள். அது மகா கஞ்சன், வாங்கிய மருந்தைத் திருப்பியே தரவில்லை. இரண்டையும் பொடியாகக் கலந்தால் ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. சாப்பாட்டுக் கூடத்தில் கொத்தவரைக் கறி போடுகிற நாளெல்லாம், இன்றைக்குக் கேத்கியின் மாத்திரைதான் சமையல் என்று கேலி பறக்கும்.

கடைசியில் களிமண்ணையும் பசையையும் ஈரமாகவே சேர்த்து, கம்பு ரொட்டிக்கு மாவு பிசைகிற மாதிரி பிசைந்தாள். மண்ணின் ஏடுகளுக்கு நடுவே பசை புகுந்துகொண்டது. அதை உலர்த்தி அரைத்து, தண்ணீரில் கரையாத ஒரு பருத்திப் பொருளோடு கட்டினாள். இப்போது மூன்றும் ஒரே பொருளாகிவிட்டன. பசை ஆரம்ப வேகத்தைத் தடுத்தது. மண் மருந்தைப் பிடித்துப் பிடித்து விட்டது. மூன்றாவது பொருள் எலும்புக்கூடு போல நின்று மாத்திரையின் வடிவம் குலையாமல் பார்த்துக்கொண்டது.

என் மேஜையில் கண்ணாடிக் கிண்ணங்களில் உடம்புச் சூட்டில் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும். மணிக்கொரு முறை அதிலிருந்து எடுத்து எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று பார்ப்பேன். இந்த முறை கோடு அவள் ஆசைப்பட்டபடியே ஏறியது. நாள் முடிந்தபோது எல்லா மருந்தும் தண்ணீருக்கு வந்துவிட்டது. ஆனால் மாத்திரை மட்டும் கிண்ணத்தின் அடியில் போட்டபடியே கிடந்தது, அதே வடிவம், அதே மஞ்சள். எடுத்து நசுக்கிப் பார்த்தேன். சாறு பிழிந்த கரும்புச் சக்கை. உள்ளே மருந்தென்று ஒன்றும் இல்லை.

ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்த இடத்திலும் அதேதான் நடந்தது. ரத்தத்தில் மருந்து சரியாக ஏறியிருந்தது. கூடு மட்டும் மறுநாள் காலையில் கழிப்பறையில் முழுசாக வெளியே வந்திருக்கிறது. பார்த்தவர்களில் பாதிப் பேர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னார்கள். கேத்கி அன்றைக்கே ஒரு வரி எழுதினாள். வெளியே வருவது வெறும் கூடு, மருந்து உடம்பில் இறங்கிவிட்டது, பயந்து இன்னொன்று போடாதீர்கள். இதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டும், குஜராத்தியிலும் இந்தியிலும் அடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

விற்பனைத் தலைவர் பராக்பாய் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் அன்றைக்கு யாருக்கோ வேலை கெட்டது என்று அர்த்தம்.

“கேத்கிபென், முழுங்கினது அப்படியே வெளிய வரும்னு நாமளே பெட்டியில போட்டா எவன் வாங்குவான்? எதிர்க் கம்பெனிக்காரன் அதைப் போட்டோ புடிச்சு டாக்டருங்ககிட்ட காட்டுவான். எத்தனை பேர் குனிஞ்சு பார்க்கப் போறாங்க, விடுங்க.”

டாக்டர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டர்களுக்கு யார் சொல்வது என்று கேத்கி கேட்டாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார், கூட்டம் முடிந்துவிட்டது. மாத்திரை சந்தைக்குப் போனது. கேத்கிக்கு ஒரு கேடயமும் சால்வையும் கொடுத்தார்கள்.

இனி அவள் வீட்டைச் சொல்ல வேண்டும். பழைய நகரத்துக் காடியாவில், போள் என்கிற ஒரு குறுகலான சந்துக் குடியிருப்புக்குள், ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கிற வீடுகளில் ஒன்று. அண்ணன் ரசிக்பாய், அவர் மனைவி ஹன்சாபென், தம்பி, தம்பி மனைவி கேத்கி என்று கூட்டுக் குடும்பம். கேத்கிக்கு மூத்தவர் ‘மோட்டாபாய்’, அவர் மனைவி ‘பாபி’. ரசிக்பாய்க்குத் துணி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருடைய அப்பா கடை மெத்தையில் உட்கார்ந்தபடியே நெஞ்சடைத்துப் போனவர். தனக்கும் அதே வயதில் அதே மெத்தையில் அதே முடிவு என்று அவருக்கு ஒரு பயம், அதனால் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் மறக்க மாட்டார்.

அந்த வீட்டில் தம்பி மனைவி கணவனின் அண்ணன் முன்னால் முக்காடு போட வேண்டும், நேருக்கு நேர் பேசக் கூடாது. மரியாதை என்பார்கள். பகலெல்லாம் வெள்ளைக் கோட்டோடு நூறு பேரை அதட்டுகிற கேத்கி, கம்பெனி பஸ் பழைய நகரத்தின் ராய்ப்பூர் வாசலில் திரும்பும்போது துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். அந்தக் கை தானாகவே போகும். நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துப் பழக்கம், எனக்கு இது முகம் கழுவுகிற மாதிரி என்பாள்.

பட்டம் விடுகிற பண்டிகைக்கு அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். மாத்திரை அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. ரசிக்பாய் டாக்டரிடம் போய் வாதாடி, பழைய மாத்திரையை விட்டு இதற்கு மாறியிருந்தார். எங்கள் வீட்டுப் பெண் செய்தது இருக்கும்போது ஊரான் மாத்திரை எதற்கு என்று டாக்டரிடமே கேட்டாராம். பக்கத்து மாடிக்காரர்களைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கேத்கி நாலடி தூரத்தில் நிற்கும்போதே, மனைவியிடம் சொன்னார்.

“அந்தப் பொண்ணுகிட்ட கேளு, இதை டீயோட போடலாமான்னு.”

கேத்கி முக்காட்டுக்குள்ளிருந்து ஹன்சாபென்னிடம் சொன்னாள். “பாபி, தண்ணியோட போடச் சொல்லுங்க. கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது.”

ஹன்சாபென் நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். “காதுல விழுந்துச்சா, இல்ல நான் ஒரு தடவை ஒப்பிக்கணுமா? நடுவுல எனக்கு இந்தத் தபால்காரி உத்தியோகம் வேற.”

மாடியே சிரித்தது. ரசிக்பாயும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

மழைக்காலத்தில் எங்கள் கூடத்துக்கு ஒரு புகார் வந்தது. மருந்துக் கடை வழியாக விநியோகஸ்தர், அவர் வழியாகக் கம்பெனி. எங்களிடம் வரும்போது எந்தக் கடை, யார் கொடுத்தது என்று எதுவும் இருக்காது, ஒரு எண் மட்டும். சின்னப் பொட்டலத்தில் இரண்டு மஞ்சள் கூடுகள். கழுவி, காயவைத்து, காகிதத்தில் மடித்து அனுப்பியிருந்தார்கள். மாத்திரை கரையவில்லை என்று புகார். நான் ஒன்றை நசுக்கிச் சோதித்தேன், மருந்து சுத்தமாக இல்லை. இன்னொன்றைக் கேத்கி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம்கூடச் சிதையவில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஒரு மனித உடம்பு முழுவதையும் கடந்து அவள் வேலை முழுசாகத் திரும்பி வந்திருக்கிறது.

பிறகு அவள் முகம் மாறியது. “யாரோ பாவம், கழுவிக் காயவெச்சு அனுப்பியிருக்காங்க தேவகிபென். எவ்வளவு பயந்திருந்தா இதைச் செய்வாங்க. இவங்களுக்காவது விளக்கமா எழுதணும்.”

பதில் கடிதத்தில் அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்தாள். பராக்பாய் அதை அடித்துவிட்டார். கூடு வருவது சகஜம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடைக்குக் கொடுத்தால், நாளைக்கு எல்லாக் கடைக்கும் போகும் என்றார். மாத்திரை எல்லாத் தர விதிகளுக்கும் பொருந்துகிறது, புகார் ஏற்கப்படவில்லை என்று மட்டும் பதில் போனது. கேத்கி அன்றைக்கு அவர் அறைக்குள் குரலை உயர்த்தியது தாழ்வாரம் வரை கேட்டது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை மடித்தவர் ரசிக்பாய். இது எங்களுக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நடந்ததை ஹன்சாபென்னும், மருந்துக் கடைக்காரன் பரத்தும் பிற்பாடு சொன்னார்கள். ஒரு நாள் காலையில் ரசிக்பாய் கூட்டைப் பார்த்திருக்கிறார். மறுநாளும் பார்த்திருக்கிறார். போட்ட மருந்து போட்டபடி வெளியே போகிறது, அப்பாவின் மெத்தை நினைவுக்கு வந்துவிட்டது. கேட்பதற்கு உலகத்திலேயே சரியான ஆள் அதே வீட்டில் அடுத்த அறையில் இருந்தாள். ஆனால் முக்காட்டுக்குள் இருக்கிற தம்பி மனைவியிடம் கழிப்பறைச் சமாசாரத்தை எப்படிச் சொல்லியனுப்புவது? ஹன்சாபென் தான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னதற்கும் அவர் ஒப்பவில்லை. அந்தப் பெண்ணின் முதல் மாத்திரை, சொந்த வீட்டிலிருந்தே குறை சொன்னார்கள் என்று கம்பெனியில் தெரிந்தால் அவள் வேலை என்ன ஆகும் என்றாராம். பேர் போடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பரத்திடம் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார்.

கம்பெனியின் பதிலை பரத் படித்துக் காட்டினான். ரசிக்பாய் வியாபாரி, சரக்கு நல்ல சரக்கு என்று எழுத்தில் வந்தால் நம்புகிறவர். அப்படியென்றால் பழுது தன் வயிற்றில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். பரத்தும் சேர்ந்துகொண்டு, சில பேருக்கு ஒன்று பற்றாது என்றான். வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறியிருக்கலாம். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண் செய்தது என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர் எப்படி மாறுவார்? காலையில் போடுகிற மாத்திரை கணக்கில் வராது என்று மத்தியானமும் ஒன்று போட ஆரம்பித்தார். தலை சுற்றியது. அதை நோயின் குணம் என்று நினைத்து, கடைசி நாளில் மூன்றாவதும் போட்டார்.

சாயங்காலம் கடை மெத்தையில் சரிந்துவிட்டார். எங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கேத்கி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள், நானும் கூடப் போனேன். ராய்ப்பூர் வாசல் திருப்பத்தைத் தாண்டினோம், அவள் கை தலைக்குப் போகவில்லை. துப்பட்டா கம்பெனியிலேயே கிடந்தது.

துடிப்பு மிகவும் இறங்கிவிட்டது, ஏன் என்று புரியவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஹன்சாபென் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கேத்கியைப் பார்த்ததும் எழுந்து, அழுகைக்கு நடுவே, முழுசாக வெளியே வருவதையும் மூன்று மாத்திரையையும் சொல்லிவிட்டாள். கேத்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அந்தக் கணத்தில் என் மேஜை மேல் இருந்த பொட்டலம் கண்ணில் வந்து நின்றது.

அவள் உள்ளே போய் டாக்டர்களிடம் விஷயத்தைச் சொன்னாள். வெளியே வந்தது கூடு, உள்ளே போனது மூன்று நாள் மருந்து. அதில் கடைசி மாத்திரை இன்னும் குடலில் இருக்கிறது, நாளை மத்தியானம் வரை விடாமல் விட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் ஏற்றுகிற மருந்து ஒரு பக்கம், அது ஒரு பக்கம். குடலைக் கழுவுங்கள் என்றாள். தன் மாத்திரை எப்படி நடந்துகொள்ளும் என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதை நிறுத்தத்தான் அவளாலும் முடியவில்லை. நின்றுவிடக் கூடாது என்றுதானே மூன்று வருஷம் பாடுபட்டாள்.

எப்போது போட்டார் என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஹன்சாபென்னுக்குத் தெரியவில்லை. ரசிக்பாய் கண் திறந்திருந்தார், முகம் சுண்ணாம்பாக இருந்தது. கேத்கி கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

“மோட்டாபாய், கடைசி மாத்திரை எப்போ போட்டீங்க?”

பதினைந்து வருஷத்தில் அவரிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி. அவர் அவளைப் பார்த்தார், முக்காடில்லாத தலையைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார், அவளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்பதைப் போல. கண்ணாலேயே மனைவியைத் தேடினார்.

“ஹன்சா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. மூணு மணிக்குன்னு.”

விடிவதற்கு முன் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க பராக்பாய் வெள்ளைக் குர்த்தாவில் வந்தார், கைகூப்பினார், படத்துக்குப் பூப் போட்டார். செருப்பைத் தேடுகிற சாக்கில் என் பக்கத்தில் வந்து, “வீட்ல எந்த மாத்திரைன்னு எதுவும் பேசலையே?” என்றார்.

“பேசறாங்க பராக்பாய். எல்லாத் தர விதிக்கும் பொருந்தின மாத்திரைன்னு பேசறாங்க.”

அவர் செருப்பு உடனே கிடைத்துவிட்டது.

கேத்கி வேலையை விடவில்லை. விட்டால் அந்த வரியை யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டாள். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் சலித்துப்போனது, அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். கடைசியில் எதிர்க் கம்பெனி தன் மாத்திரைக்கு அப்படி ஒரு வரி அச்சடித்தது, வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. உடனே எங்கள் கம்பெனிக்கும் மக்கள்மேல் அக்கறை வந்தது. வரி அச்சானது. பெட்டி மேல் அல்ல, பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாளில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் அச்சானது. ரசிக்பாய் உயிரோடு இருந்து கண்ணாடி போட்டுக்கொண்டாலும் படித்திருக்க முடியாது. அவருக்குத் தெரிந்தது குஜராத்தி மட்டும்தான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கேத்கி வீட்டுக்குப் போன அன்றைக்கு நானும் உடன் போனேன். பஸ் திருப்பத்தில் அவள் கை தலைவரை போய் வெறுமனே இறங்கியது. வீட்டில் இப்போது யார் முன்னாலும் அவள் முக்காடு போட வேண்டியதில்லை. ஹன்சாபென் முன்னறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேலே சுவரில் ரசிக்பாய், சந்தன மாலைக்குள்ளே, அதே சங்கோசச் சிரிப்போடு இருந்தார்.

கேத்கி தாளைப் பிரித்துக் காட்டினாள். ஹன்சாபென் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன போட்டிருக்கு? நீயே சொல்லு.”

கேத்கி நிமிர்ந்தபோது படம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, ஹன்சாபென்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“பாபி, மோட்டாபாய்கிட்ட சொல்லுங்க. வெளிய வர்றது வெறும் கூடு. மருந்து உள்ள இறங்கிடுச்சு. இன்னொண்ணு போட வேண்டாம்னு சொல்லுங்க.”

ஹன்சாபென் கீரையைக் கீழே வைத்தாள். பழக்கத்தில் படத்தின் பக்கம் பாதி திரும்பி வாயைத் திறந்துவிட்டாள்.